காய்ச்சல் இல்லை என்று எழுதிய நான்கு நாட்கள்

செனாய்,
14 ஜூலை 2025

அன்பு மகள் அமண்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் தம்பியும் சுகமாக இருக்கிறோம். கார்டிஃபில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நீ அனுப்புகிற படங்களைப் பார்த்து நானே மனதைத் தேற்றிக்கொள்கிறேன், ஆனால் போன வாரப் படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, வார்டில் எவ்வளவு வேலை இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. ஜோனதன் வழக்கம்போல விடிவதற்கு முன்பே மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விடுகிறான், பாலத்தில் நெரிசல் குறைந்தபாடில்லை, சாயங்காலம் வந்து குளித்துச் சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறான். நம் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நிலத்தில் புதிதாக ஒரு ஃபேக்டரி எழும்புகிறது, நாள் முழுக்கச் செம்மண் தூசி, துணி காயப்போட முடியவில்லை. தாடிகா பாலர் பள்ளியில் இந்த வருஷம் என் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள், அதில் நான்கு பேருக்கு இன்னும் பென்சில் பிடிக்கவே வரவில்லை. எனக்கு பிரஷர் பரவாயில்லை, முட்டிதான் படியேறும்போது தகராறு செய்கிறது.

தினமும் வாட்சப்பில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் இதைச் சொல்ல மூன்று தடவை வாய் திறந்தேன், மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் குழம்பில் என்ன போட்டேன் என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் ஓட முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி, டூட்டிக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே.

மே மாதம் அன்னையர் தினத்தன்று நீ ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு கூப்பிட்டாயே, வாழ்த்துச் சொல்லிவிட்டு திடீரென்று அழுதாய். நான்தானேம்மா அந்த ஆராய்ச்சியைத் தேடிக் கண்டுபிடிச்சு அப்பாவ அனுப்பி வெச்சேன், நான் சும்மா இருந்திருந்தா அவரு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாருல்ல என்றாய். நான் அப்படியெல்லாம் நெனைக்காதடா என்று சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நீ அழுவதைக் கேட்டுக்கொண்டே, உண்மை தெரிந்த நான், வேறு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அப்பா போனதற்கு நீ காரணமில்லை அமண்டா. இனி நான் எழுதப் போவது ஏன் என்பதுதான்.

அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்து, பக்கத்து ரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்திருப்பதால் வெட்டி எடுக்க முடியாது என்று சொன்னதெல்லாம் உனக்குத் தெரியும். கீமோ கொடுத்த நான்கு மாதத்தில் கட்டி சுருங்கவில்லை, அப்பாதான் சுருங்கிப்போனார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். அப்போதுதான் நீ அங்கிருந்து தேடிப் பார்த்து கே.எல்.லில் ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்கிறது என்று சொன்னாய். டாக்டர் ரூபேந்திரன் முதல் நாள் விளக்கியபோது நீயும் வீடியோவில் இருந்தாய். உடம்பு முழுக்க மருந்து ஏற்றினால் கணையத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான், மற்ற இடத்துக்கெல்லாம் கெடுதல்தான் அதிகம், அதனால் வலது விலாவுக்கு நடுவே ஊசி குத்தி, கல்லீரல் வழியாக ரத்த நரம்புக்குள் நுழைந்து, கணையத்துக்குப் பின்னால் ஓடுகிற நரம்பு வரைக்கும் மெல்லிய குழாயைக் கொண்டுபோவோம், அங்கே முன்னும் பின்னும் இரண்டு குட்டிப் பலூனை ஊதி அடைத்துவிட்டு நடுவில் மருந்தை விடுவோம் என்றார். முப்பத்தோரு வருஷம் தண்ணீர் இலாகாவில் பைப் வேலை பார்த்த உன் அப்பாதான் முதலில் வாய் திறந்தார். அதாவது டாக்டர், ரெண்டு பக்கமும் வால்வ மூடிட்டு நடுவுல தண்ணிய ஏத்துறீங்க, அது போக வேற வழியில்லாம கிளைப் பைப்புக்குள்ள திரும்பி ஏறும், அதானே என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, அதேதான் அங்கிள், இனிமே மத்தவங்களுக்கும் நான் இப்படித்தான் சொல்லப்போறேன் என்றார். அப்பா விடவில்லை. பிரஷர் கூடினா பழைய பைப்பு எங்கயாவது கசியுமே என்று கேட்டார். அதற்கு டாக்டர் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. அதனாலதான் ஒவ்வொரு சொட்டையும் மீட்டரப் பாத்துக்கிட்டே விடுறோம், ஆனா நீங்க வீட்டுக்குப் போனப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, அத நீங்கதான் எனக்குச் சொல்லணும் என்றார்.

அதற்காகத்தான் அந்த நோட்டைக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஷாமளா ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிக் காட்டினாள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், காய்ச்சல் இருந்ததா, குளிர் நடுக்கம் இருந்ததா, வலது பக்கம் வலி உண்டா, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்பதற்கு யா, தீடாக் என்று இரண்டு கட்டம், கீழே உடம்புச் சூடு எத்தனை என்று எழுத ஒரு கோடு. அப்பாவுக்கு விரல் மரத்துப்போயிருந்ததால் எழுதியதெல்லாம் நான்தான். முதல் தடவை செய்த பிறகு மூன்று வாரமும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்த மூன்று வாரத்தில் அப்பா எப்படி இருந்தார் என்று நீ வீடியோவில் பார்த்தாய். முதுகில் குடைந்த வலி பாதியாகக் குறைந்தது, மல்லாந்து படுத்தார், இறால் சம்பல் கேட்டுச் சாப்பிட்டார், ஒரு நாள் தானாகவே நடந்து பாசாருக்குப் போய்க் கீரை வாங்கி வந்தார். எனக்கு உன் அப்பாவையே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. இதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ அனுப்பி வைத்த இடம் தவறான இடம் இல்லை.

இரண்டாவது தடவை அக்டோபர் பதினைந்தாம் தேதி. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. தெர்மாமீட்டரில் முப்பத்தெட்டரை. நான் போனை எடுத்து ஷாமளா நம்பரைத் தேடினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் லா ஐலீன், காய்ச்சல்னு சொன்னா மூணாவத தள்ளிப்போடுவாங்க, அப்புறம் பேரையே எடுத்துட்டாலும் எடுத்துடுவாங்க என்றார். நான் அதெல்லாம் எடுக்க மாட்டாங்க என்றேன். அப்பா சொன்னார், இந்த ஒண்ணுதான் எனக்கு வேலை செய்யுது, எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் நான் மனுசனா சாப்பிடுறேன், இத எங்கிட்டருந்து புடுங்கிடாத. உன் அப்பா என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்ட ஆளில்லை. கல்யாணமான முப்பத்து நான்கு வருஷத்தில் அது ஒரு தடவைதான். நான் போனை வைத்துவிட்டேன். பெனடால் கொடுத்தேன். சாயங்காலம் நோட்டை எடுத்து, காய்ச்சல் தீடாக், நடுக்கம் தீடாக், வலி தீடாக், சூடு முப்பத்தாறு புள்ளி எட்டு என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்காட்டுகிற மாதிரி அழகாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. நான்கு நாள். இரண்டாம் நாள் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போய்த் தொண்டை வலி என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கினோம், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பாத்தியா, ஒண்ணுமில்ல என்று அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கை மட்டும் விலாவை விட்டு வரவில்லை.

மூன்றாவதற்குப் போன அன்று ரத்தப் பரிசோதனையில் எதுவோ கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அப்பா, தொண்டை வலி வந்துச்சு டாக்டர், இப்பச் சரியாப்போச்சு என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தார், எல்லாம் தீடாக். சரி என்று உள்ளே கொண்டுபோனார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது அமண்டா. போன தடவை ஊசி போன பாதையில், கல்லீரல் ஓரத்தில், சின்னதாகச் சீழ் கட்டி உட்கார்ந்திருந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் அதை அடக்கி மறைத்துவைத்ததே தவிரக் கரைக்கவில்லை. அது ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தடவை ஊசி அதன் பக்கமாகப் போனதும் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. மேசையிலேயே உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்து, அங்கிருந்து நேராக ஐ.சி.யூ. நீ விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது குழாய் வைத்து மயக்கத்தில் வைத்திருந்தார்கள், நீ கையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாய், நவம்பர் பதினான்காம் தேதி போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என்னிடம், நீ எப்படிப் பாத்துக்கிட்ட, ஒரு குறை வைக்கலியே என்றார்கள். நான் கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

நீ திரும்பிப் போன பிறகு இந்த வீட்டில் நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. பாசாரில் மீன்காரரிடம் நிற்கும்போது எதிரே வருகிற ஆள் வலது விலாவில் கை வைத்திருப்பார், எனக்குக் கால் நகராது. பார்த்தால் அவர் சட்டைப் பையில் சாவி தேடிக்கொண்டிருப்பார். பஸ் ஸ்டாப்பில், பாங்கில் நம்பருக்குக் காத்திருக்கும் இடத்தில், தாடிகாவுக்குப் பேரனைக் கூட்டிவருகிற பெரியவரிடத்தில், எங்கே பார்த்தாலும் அந்தக் கை. வீட்டில் அப்பா உட்கார்ந்த நாற்காலியை ஜோனதனிடம் சொல்லி வெளியே போடவைத்தேன். நாற்காலி போன பிறகு அந்த வெறும் இடத்தில் உட்கார்ந்தார். பேய் என்று நினைக்காதே, எனக்குப் பயமில்லை, கோபமாகக்கூட அவர் பார்க்கவில்லை. சும்மா கையை அழுத்திக்கொண்டு, நான் போனை எடுப்பேனா என்று பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். மத்தியான வெளிச்சத்தில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்ப்பேன், அங்கே இருப்பார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டு, கோபப்பட்டேன், பூசை தவறவிட்டேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன், இரண்டு தடவை. இந்த ஈஸ்டர் காலைப் பூசையில் சாமியார் ஞானஸ்நான வாக்கைப் புதுப்பிக்கக் கேள்வி கேட்பார் அல்லவா, விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையை நம்புகிறீர்களா என்று. கோவில் முழுக்க நம்புகிறேன் என்றது. இரண்டாவது கேள்வியை அவர் என்ன கேட்டாரோ, என் காதில் காய்ச்சல் இருந்ததா என்றுதான் விழுந்தது. நான் இருந்தது என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பிரேமலா திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி என் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

அப்போதும் நான் டாக்டரிடம் போகவில்லை. நீ அன்னையர் தினத்தில் அழுத பிறகுதான் போனேன். செய்ததை நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் சுமந்திருப்பேன், அதை நீ தூக்கிக்கொண்டு அலைவதை என்னால் கேட்க முடியவில்லை. அப்பாவோடு வேலை செய்த திருச்செல்வம் அண்ணன் ஏன் எதற்கு என்று கேட்காமல் காரில் கே.எல்.லுக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் ரூபேந்திரன் இளைத்திருந்தார். வாங்க ஆன்ட்டி என்று எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே, அந்த நோட்டுல நான் நாலு நாள் பொய் எழுதியிருக்கேன் டாக்டர் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெனடால், கிளினிக், தொண்டை வலி, தலையாட்டியது. டாக்டர் அலமாரியிலிருந்து அப்பா பைலை எடுத்து நோட்டைத் திறந்து அந்த நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா நான் ஸ்கேன் பண்ணியிருப்பேன், மூணாவது ஊசிய போட்டிருக்கவே மாட்டேன். நான் கேட்டேன், அப்படின்னா அவரு இருந்திருப்பாரா? தெரியல ஆன்ட்டி, சில மாசம் இருந்திருக்கலாம், ஒரு வருசம்கூட இருந்திருக்கலாம், அதுக்கு மேல எது சொன்னாலும் நான் பொய் சொல்றதா ஆயிடும் என்றார். இதை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகவில்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் போலிருக்கிறது, அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிறகு அவரே தொடர்ந்தார். அப்பா போனதிலிருந்து ஆராய்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், சீழ் எப்போது கட்டியது, எதனால் கட்டியது என்று ஒருவருக்கும் புரியவில்லையாம், நோட்டில் ஒரு அறிகுறியும் இல்லையே. ஏழு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் காத்திருந்தபடியே போய்விட்டார்கள். அன்னிக்கு எடுத்த படத்த நான் எத்தனை தடவை போட்டுப் பாத்திருக்கேன் தெரியுமா ஆன்ட்டி, பிரஷரக் கூட்டிட்டேனா, என் கை எங்க தப்பு பண்ணுச்சுன்னு ஏழு மாசமா தேடிக்கிட்டிருக்கேன் என்றார். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு பக்கம் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டு, நீ ஒரு பக்கம் உன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு, ஏழு பேர் இன்னொரு பக்கம், எல்லாம் நான் போட்ட சின்னச் சின்ன டிக் அடையாளத்தால். அப்பாவை மட்டும் அல்ல, அந்த இரண்டு பேரையும் நான் நினைக்கத்தான் வேண்டும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, பெயரில்லாமலே பூசைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் ஷாமளா பக்கத்தில் உட்கார நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போலீசுக்குப் போவார்களா என்று கேட்டேன், அதெல்லாம் இல்லக்கா, ஆனா கமிட்டிக்குப் போகும், உங்க பேரு இருக்காது என்றாள். பிறகு மெதுவாக, நானும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்க்கா என்றாள். அவளும்கூட. இந்த மாதம் முதல் வாரம் கூப்பிட்டுச் சொன்னாள், ஆராய்ச்சியை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்களாம். இனி ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் கல்லீரலை ஸ்கேன் செய்வார்களாம், வீட்டுக்குப் போனவர்களிடம் தினமும் நர்ஸ் வீடியோவில் பேசி, தெர்மாமீட்டரைக் காட்டச் சொல்வார்களாம். முக்கியமாக, காய்ச்சல் வந்தால் பெயரை எடுக்க மாட்டோம், தள்ளித்தான் வைப்போம் என்று முதல் நாளே எழுத்தில் கொடுக்கிறார்களாம். காத்திருந்தவர்களில் ஒருவருக்கு மருந்து போய்விட்டதாம், யார் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை.

ஜோனதனிடம் போன வாரம் சொன்னேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ரொட்டி சானாய் வாங்கிவந்து மேசையில் வைத்து, சாப்பிடும்மா என்றான், அவ்வளவுதான், இன்னும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அது அவன் பாடு, நான் அவசரப்படுத்தவில்லை. உன்னையும் அவசரப்படுத்த மாட்டேன்.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. இதை எழுதும்போதும் அந்த வெறும் இடத்தில்தான் இருக்கிறார். அப்பா கடைசியில் என்னை மன்னித்தார் என்று உனக்கு எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஐ.சி.யூ.வில் குழாய் வைப்பதற்கு முன்னால், இரண்டாம் நாள், நினைவாக இருந்தபோது நான் குனிந்து காதருகே, நான் சொல்லியிருக்கணுங்க என்றேன். அவர் தண்ணி என்றார். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன், சப்பிக்கொண்டார், கண்ணை மூடினார். என்னிடம் அவர் சொன்னது அதுதான் கடைசி. இதில் மன்னிப்பைச் சேர்த்து எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள் நீ, வீட்டு மனுஷர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதே, அவர்களைத் திட்டவும் செய்யாதே, இரண்டு தடவை கேள். உன் உடம்பையும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொள், அப்பாவுக்கு வந்தது என்று அங்கே டாக்டரிடம் சொல். குளிர் காலம் வருவதற்கு முன் நல்ல பூட்ஸ் வாங்கு. ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் நிம்மதியான தூக்கமும் தரட்டும், மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இனிமேல் அப்பாவை நினைத்து அழுவதென்றால் மகளாக மட்டும் அழு.

கூப்பிடத் தோன்றும்போது கூப்பிடு. கோபத்தோடு கூப்பிட்டாலும் எடுப்பேன்.

என்றும் உன் நலத்தையே கேட்கும்
அம்மா
ஐலீன் மரியநாதன்